கும்பிட்டுட்டுத்தான் பார்க்கணும்

நூற்றுமுப்பத்தொன்று என்று மனசு மறுபடியும் சொல்லிற்று, சொல்லாதே என்று வெயிலுமுத்து அதை அதட்டிக்கொண்டிருக்கும்போதே, பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி. முன்னால் தமயந்தி படியேறிக்கொண்டிருந்தாள். தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக நின்றன, படிகளின் ஓரத்தில் போன வாரத்துப் பனி அழுக்காகிக் கிடந்தது, அவளுடைய நீலக் கோட்டின் முதுகு மட்டும் பளிச்சென்று ஏறி ஏறிப் போனது. அந்த முதுகுக்குத் தன் மார்க் நூற்றுமுப்பத்தொன்று என்பது தெரியாது. அவனுக்குத் தெரியும். தான் எண்பத்தெட்டு என்பதும் தெரியும். தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. ஜப்பானிய மொழித் தேர்வு, என்-டூ என்று எல்லோரும் சொல்லும் இரண்டாம் நிலை. புருசனும் பெண்டாட்டியுமாக டிசம்பர் மாதம் ஒரே கல்லூரியில் வேறு வேறு அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். முடிவு இன்றைக்குப் பத்து மணிக்கு இணையத்தில் வரும் என்று போட்டிருந்தார்கள். காலையில் அவன் வேலை முடிந்து வந்து காலுறையைக்கூடக் கழற்றவில்லை, இவள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் தயாராக நின்றாள். "படிப்புச் சாமி மலையில இருக்காம்ங்க, எங்க முதியோர் ஹோம்ல எல்லாரும் சொல்லுதாங்க. போய்க் கும்பிட்டுட்டுத்தான் பார்க்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் போனைத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். அவனும் அந்த உள்ளங்கையில் ஓங்கி அடித்தான். பத்து மணி பத்து நிமிசத்துக்கு ஸ்டேஷன் கழிப்பறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பார்த்துவிட்டான்.

தன்னுடையதைப் பார்த்ததுகூடப் பெரிசில்லை. நாலாவது தடவை எழுதியவன், கை அரிக்கத்தான் செய்யும். வாசிப்பில் பத்தொன்பது என்று கண்ணில் பட்டதுமே கீழே கூட்டுத்தொகை என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதோடு போனைச் சட்டைப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. இரண்டு பேருடைய ஹால் டிக்கெட்டையும் தொலைந்துவிடக் கூடாதென்று அவன்தான் போட்டோ எடுத்து வைத்திருந்தான். அடுத்த போட்டோவைத் தள்ளி, அவளுடைய எண்ணைப் பார்த்துப் பார்த்து, குளிரில் மரத்துப்போன கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அடித்தான். எதற்கு? இந்த 'எதற்கு'வில்தான் மனசு வந்து வந்து முட்டுகிறது. அவளுக்காகச் சந்தோசப்படவா? கழிப்பறைக்குள் நின்றுகொண்டா? முடிவு வந்ததும் அவன் பார்த்தது அந்தப் பெரிய எண்ணை மட்டும்தான். தேர்ச்சி என்ற இரண்டு சித்திர எழுத்துகள் பக்கத்தில் நின்றன, அவை அவனுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துகள், நாலு தடவையும் அவற்றுக்கு முன்னால் 'இல்லை' என்ற எழுத்தோடு பார்த்துப் பழகியவை. பக்கத்து அறையில் யாரோ தண்ணீரை இழுத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது தமயந்தி இரண்டு கையிலும் சூடான தேநீர்க் குப்பியை வைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "வயிறு சரியில்லையா? மொகம் ஒரு மாதிரி இருக்கே." "ராத்திரி தூங்கல." அது பொய்யில்லை. பதினோரு வருசமாக அவன் ராத்திரி தூங்கவில்லை.

பதினோரு வருசமாகக் கடைகளுக்குப் போகிற சாப்பாட்டுப் பெட்டிகள் தொழிற்சாலையில் அவன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன, வெள்ளைச் சோற்றின் நட்டநடுவில் ஊறுகாய்ப் பழம் ஒன்று, அழுத்தக் கூடாது, வைக்கணும், அதற்குள் அடுத்த பெட்டி. ராத்திரி ஒன்பது மணிக்கு முகமூடியும் தொப்பியும் போட்டால் கண் மட்டும்தான் மனுசன். மிசின் சத்தத்தில் ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்காது, கேட்கிற மாதிரி தலையாட்டப் பழகவேண்டும். அவன் தலையாட்டாமல் கேட்கப் பழகினான். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்த மொழியை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியில் ஒட்டும் சீட்டிலிருந்து முட்டை, கோதுமை, இறால், நிலக்கடலை என்று ஒவ்வாமைப் பட்டியலைப் படித்தான், பிறகு தீயணைப்புக் கருவியின் மேலிருந்ததை, பிறகு சக்கரத்தில் விரல் கொடுக்காதே என்பதை. ஐந்து வருசம் முன்பு கோவில்பட்டியிலிருந்து தமயந்தி ஜப்பானில் வந்து இறங்கியபோது அவன் ராஜா. காலண்டரின் பின்பக்கத்தில் அவளுக்கு முதல் எழுத்துகளை எழுதிக் காட்டியவன் அவன்தான். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் தூக்கி, "இது என்னதுங்க, இது என்னதுங்க" என்று கேட்பாள். அது சர்க்கரை, அது உப்பு, அது பன்றிக்கொழுப்பு வச்சிரு என்பான். நகராட்சி அலுவலகத்தில் அவனுக்கு ஒரு அடி பின்னாலேயே நிற்பாள். ஒரு வருசம் இருக்குமா அப்படி? ஒன்றரை. கலியாண வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வான், ஏன் என்று கேட்காமல் இருந்தால். பிறகு மருந்துக்கடையில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள், அவன் ஆமாம் ஆமாம் என்றான், தமயந்தி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து தமிழில், மெல்ல, "மாத்திரை எதுவும் ஒத்துக்காம போயிருக்கான்னு கேக்காங்க" என்றாள். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அந்த மெல்லிய குரலைத்தான் அவனால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

"மூச்சு வாங்குதோ?" திரும்பிப் பார்த்தாள். "இல்ல." "வாங்குது. இங்கன கேக்கு." சிரித்தாள். அவளுக்கும்தான் மூக்கெல்லாம் சிவந்து வாயிலிருந்து புகை போனது. பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் நாலைந்து பிள்ளைகள் பேசிக்கொண்டே அவர்களைக் கடந்து ஏறினார்கள், பரீட்சைப் பிள்ளைகள், இந்தச் சாமிக்கு அவர்கள்தான் நித்திய பக்தர்கள். இவள் பாஸ் என்றால் ஏப்ரலில் சென்டாய் நகரத்தில் முதியோர் பராமரிப்புக் கல்லூரி, இரண்டு வருசம், இடம் எடுத்து வைத்திருக்கிறார்கள், சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அவன் பாஸ் என்றால் பகல் வேலை, லைன் மேற்பார்வை, சூரியனைப் பார்த்து எழுந்து சூரியனோடு வீட்டுக்கு வரலாம். இரண்டும் நடந்தால் எப்படிக் குடித்தனம் செய்வது என்று ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் நடந்தால் என்பதை யாரும் பேசவில்லை. புதன்கிழமை வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர்மேல் சந்தேகப்பட்டால்கூடத் தேவலை என்று ஒரு ராத்திரி பழம் வைத்துக்கொண்டே நினைத்தான். பெண்டாட்டிமேல் சந்தேகம் என்றால் ஊரில் நாலு பேர் தோளில் கைபோடுவார்கள், ஒரு குவளை வாங்கிக் கொடுப்பார்கள். பெண்டாட்டியின் படிப்பைப் பார்த்து வயிறு எரிகிறது என்றால் எவன் தோளில் கைபோடுவான்? அக்டோபரில் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இந்தப் பாடம் வருமாங்க?" என்று கேட்டாள். கடைசிக்கு முந்தைய பாடம், அலுவலகக் கடிதங்கள். மூன்று தடவை எழுதியவன், மூன்று தடவையும் வந்தது. "அது வராது, விட்டுரு" என்றான். நாக்கு தடுமாறவில்லை. அவள் சரிங்க என்றாள். நாலு நாள் கழித்து அவன் காலையில் படுக்கப்போகும்போது பார்த்தான், அந்தப் பாடத்தில் பென்சில் கோடுகள், ஓரத்தில் அவளுடைய குறுகுறு எழுத்து. ஏன் வராது என்று சொன்னீங்க என்று அவள் கேட்கவேயில்லை. கேட்காமலிருக்க எங்கே படித்தாள்?

மேலே சிவப்பு மரவாசல் தெரிந்தது, அதற்கு இப்பால் ஒரு பலகை. மூச்சு வாங்க ஒரு சாக்கு வேண்டும் என்று அதன் முன்னால் நின்றான். சாமியின் வரலாறு. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னால் இந்தச் சாமி ஒரு மனுசன், பெரிய படிப்பாளி, அரசவையில் மந்திரி. அவன் வளர்ச்சியைப் பொறுக்காத இன்னொரு மந்திரி ராஜாவிடம் கோள் சொல்ல, இவன் நாடு கடத்தப்பட்டு, தூரத்து ஊரில் செத்துப்போனான். அதன் பிறகு தலைநகரத்தில் இடி விழுந்தது, கொள்ளைநோய் வந்தது, செத்தவனுடைய கோபம் என்று பயந்துபோய்க் கோயில் கட்டினார்கள். நடுவில் ஏழெட்டு எழுத்துகள் அவனுக்குத் தெரியவில்லை, கோள் சொன்னவனுடைய பெயரும் அதில் போயிற்று. அந்தப் பெயரைத்தான் அவன் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நின்றான். கோள் சொன்னவனும் மந்திரிதானே, அவனும் படித்தவனாகத்தான் இருந்திருப்பான், படிக்காதவனுக்கு இந்த எரிச்சல் வராது, பாதி படித்தவனுக்கு வரும், முக்கால் படித்தவனுக்குத் தூக்கமே போகும். ராத்திரி விளக்கு வைத்து எழுதிப் பார்த்திருப்பான், அடுத்தவன் எழுதியது அதைவிட நன்றாக இருந்திருக்கும், அதை அவன்தான் எல்லோரையும்விடச் சரியாகக் கண்டுபிடித்திருப்பான். ரசிக்கத் தெரிந்ததுதான் அவன் குற்றம். அவனுக்கு எங்கே கோயில்? அவனைக் கும்பிட எத்தனை பேர் படியேறி வருவார்கள், இந்த எண்ணூறு படியும் போதாதே. "என்ன எழுதியிருக்கு?" என்று தமயந்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவளால் ஒரு மூச்சில் படிக்க முடியும். கண் பலகையின் அடிவரைக்கும் போய் முடிந்ததை அவன் பார்த்தான். படித்துவிட்டுத்தான் கேட்கிறாள். "சாமி கதைதான்" என்றான். "ஓகோ" என்றாள், தெரியாதவள் மாதிரி.

வாசலுக்குள்ளே கல்லில் ஒரு காளை படுத்திருந்தது. அதன் தலையைத் தடவிவிட்டுத் தங்கள் தலையைத் தடவிக்கொள்வது இங்கே வழக்கம், தடவித் தடவி நெற்றி எண்ணெய் வழிந்த மாதிரி மின்னியது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகத் தடவினார்கள். தமயந்தி முறை வந்ததும் அவள் தலையைத் தடவவில்லை. நேராக அதன் காதருகே குனிந்து, ஒரு கையால் மாட்டின் மறுகாதைப் பொத்தி, சங்கரன்கோவில் நந்தியிடம் சொல்கிற மாதிரி கிசுகிசுவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "அதுகிட்ட என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருத்தி ஜப்பானிய மொழியில் கேட்டாள். தமயந்தி நிமிர்ந்து, "எங்கள் ஊரில் சாமிக்கு நேரமிருக்காது, மாட்டிடம்தான் சொல்லிவிட்டு வருவோம், அது போய்ச் சொல்லும். இந்தக் காதைப் பொத்தவில்லையென்றால் சொன்னது அந்தப் பக்கமாக வெளியே போய்விடும்" என்றாள். ஒரே சிரிப்பு. அவ்வளவுதான், நாலு பிள்ளைகளும் ஒவ்வொருத்தராகக் குனிந்து மறுகாதைப் பொத்திக்கொண்டார்கள். ஆயிரம் வருசத்துப் பழக்கத்தில் ஒரு நிமிசத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டாள். பதினோரு வருசத்தில் அவன் இந்த ஊரில் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. பக்கத்தில் மரப்பலகைகள் நூற்றுக்கணக்கில் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் வேண்டுதல், பேர், ஊர், பள்ளிக்கூடம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாட்டின் காதில் சொன்னதை மட்டும் படிக்க முடியாது. தன் பேரைச் சொன்னாளா? சொன்னால் என்ன சொல்லியிருப்பாள், இவருக்கும் கிடைக்கட்டும் என்றா? அந்த 'உம்'மை நினைத்தாலே உடம்பு கூசியது. சொல்லவேயில்லை என்றால்? அதுவும் பொறுக்கவில்லை. "நீங்களும் சொல்லுங்க, வாங்க." குனிந்தான். கல் காது ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. ஏற்கெனவே வந்துவிட்ட முடிவை எந்த மாடு போய் மாற்றிக்கொண்டு வரும்? கேட்க ஒன்றுமில்லாமல் ஒரு சாமி முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா உதட்டை அசைத்துவிட்டு நிமிர்ந்தான்.

சன்னிதிக்குப் பக்கத்து மேடையில் வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாக ஒரு பெண் தாயத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தமயந்தி பையிலிருந்து இரண்டு ஹால் டிக்கெட்டையும் எடுத்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏ, வேண்டாம், இங்கெல்லாம் அப்படிக் கிடையாது" என்று கோட்டைப் பிடித்து இழுத்தான். "கேட்டாத்தான என்ன, அடிச்சா போடப்போறாங்க?" என்று போய்க் கேட்டாள், இவற்றைச் சாமியின் காலடியில் வைத்துத் தரமுடியுமா, எங்கள் நாட்டில் பரீட்சைச் சீட்டை அப்படி வைப்போம் என்று. அந்தப் பெண் குழம்பினாள், அப்படி ஒரு சேவை இல்லையே என்றாள், உள்ளே போனாள், ஒரு பெரியவரின் குரல் கேட்டது, திரும்பி வந்து மரத்தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். வைத்தாள் தமயந்தி, அவனுடையதை மேலே. அவர்கள் மணிக்கயிற்றை இழுத்து, இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, அதன் பிறகு கூப்பிய கையைத் தலைக்குமேல் தூக்கி அவரவர் வழக்கப்படியும் ஒருமுறை கும்பிட்டு முடித்தபோது தட்டு திரும்பி வந்திருந்தது. "தேர்வு எப்போது?" என்று அந்தப் பெண் கேட்டாள். "முடிந்துவிட்டது. முடிவு இன்றைக்கு." "இன்றைக்கா!" "இப்போதுதான்" என்று தமயந்தி அங்கேயே கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.

அவள் தன்னுடைய எண்ணை அடித்தாள். பார்த்தாள். கத்தவில்லை, கண்ணை இறுக்கி மூடி ஒருமுறை திறந்தாள், அவ்வளவுதான். உடனே அவனுடைய சீட்டைப் பார்த்து அடித்தாள். அங்கே அவளுடைய கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கணம் இல்லை, நாலைந்து கணம் இருக்கும். அந்த நாலைந்து கணமும் வெயிலுமுத்து, இரக்கம் ஊறுகிறது, இதோ ஊறுகிறது, இப்போது நிமிரும்போது அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டும், மருந்துக்கடைக் குரலைக் கேட்கவேண்டும் என்று காலை ஊன்றிக்கொண்டு நின்றான். நிமிர்ந்தாள். "உங்களுது இன்னும் வரலைங்க, சுத்திக்கிட்டே இருக்கு. நான் பாஸ். சும்மா நூலெழைல, தொண்ணூத்தி மூணு." போனைக் கவிழ்த்துக் கோட்டுப்பையில் போட்டாள். தொண்ணூற்றுமூன்று. முப்பத்தெட்டு மார்க்கைப் பிடுங்கி மலைமேல் விட்டெறிந்துவிட்டாள், கண் சிமிட்டாமல், நிறைய வைத்திருக்கிறவர்கள் எறிகிற மாதிரி. அதில் இரண்டே இரண்டு போதும் அவனுக்கு. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். தமயந்தி ஜப்பானிய மொழியிலும் அதையே சொன்னாள், தொண்ணூற்றுமூன்று, தப்பித்தேன். "வாழ்த்துகள்! உங்கள் கணவருக்கு?" "இன்னும் வரவில்லை." இரண்டு மொழியிலும் பிசகில்லாத பொய். இதை இப்படியே வாங்கிக்கொண்டு இறங்கலாம். கீழே போய்ப் பார்த்து, அட விழுந்துவிட்டேனே என்று ஆச்சரியப்படலாம், அவள் ஆறுதல் சொல்வாள், சென்டாய்க்குப் பெட்டி கட்டும் வரைக்கும் ரெண்டு பேரும் தொண்ணூற்றுமூன்றை நம்பிக்கொண்டிருக்கலாம். "எண்பத்தெட்டு" என்றான் வெயிலுமுத்து அந்தப் பெண்ணிடம், அவள் மொழியில். "விழுந்துவிட்டேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தாள், எவ்வளவு வருத்தம், அடுத்த முறை நிச்சயம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே தட்டோடு உள்ளே போய்விட்டாள். தமயந்தி திரும்பினாள். "எப்பப் பாத்தீங்க?" "ஸ்டேஷன்ல." "சத்தியம் பண்ணிட்டு?" "ம்." "என்னுதையுமா?" "ம்." "உங்களுத பாத்தீங்க சரி. என்னுத எதுக்குப் பாத்தீங்க?" படி நெடுகத் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை, வந்தது வேறு. "கம்மியா இருக்குமான்னு." சொல்லிவிட்டான். இடி ஒன்றும் விழவில்லை. யாரோ மணிக்கயிற்றை ஆட்டினார்கள். அவள் அவனையே பார்த்தாள், கையுறை ஒன்று கையிடுக்கிலிருந்து கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. பிறகு போனை மறுபடியும் எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், அவனுடைய முடிவுதான், வராமல் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னது. "இது என்னது?" என்று ஒரு வரியில் நகத்தை வைத்தாள். "கேட்டல்." "எவ்வளவு?" "அம்பது." "எனக்கு எவ்வளவு தெரியுமா? மொத்தத்தை மட்டும் பாத்துட்டு ஓடியாந்தீங்களே, இதைப் பாத்தீங்களா? முப்பத்தெட்டு." அவள் குரல் மெல்லியதாக இல்லை. "தெனம் அந்த ஹோம்ல கெழவங்க வாய்க்குள்ள முணுமுணுக்கது எனக்குப் பாதி வெளங்காது. பல்செட்ட கழத்திட்டுப் பேசுனா முழுசாவே வெளங்காது. சும்மா சிரிச்சிட்டு வந்துருதேன். ஒரு கெழவி மூணு நாளா என்னமோ கேட்டா, நாலாம் நாள் பேச்சு நின்னுபோச்சு, என்ன கேட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மிசின் சத்தத்துக்குள்ள நின்னுட்டு அம்பது எப்பிடி? ஏங்க, எப்பிடி?" அவளுடைய கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, மூக்கு விடைத்தது. அந்தக் கட்டைவிரல் எதற்கு அத்தனை நேரம் நின்றது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரக்கத்தால் இல்லை. முகம் கழுவும்போது கண்ணாடியில் தன் முகத்திலேயே அவன் அந்த உதட்டைப் பார்த்திருக்கிறான், அந்த மூக்கை, மூன்று வருசமாக ஒவ்வொரு காலையும். குனிந்து கையுறையை எடுத்துத் தட்டினான். அவள் கையை நீட்டவில்லை. "கேக்கேன்லா? சொல்லுங்க, எப்பிடி?" சொல்லத் தெரியும், சொல்லப்போனால் அவனுக்கு மட்டும்தான் தெரியும். "வாயைப் பாக்கக் கூடாது" என்று ஆரம்பித்தவன், இன்னும் கொஞ்ச நேரம் அந்த முகம் அப்படியே இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டான்.